ஒரு சோறு பதம் காட்டுமா?
அதிபர் தேர்தலின் முடிவை முன்கூட்டிக் கணிக்கும் முறைகள்

தேர்தல் நெருங்கிவிட்டால் நாட்டில் சோதிடர்களின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. காலையில் பிரட்டுக் களத்திலும், மாலையில் தேநீர்க் கடையிலும், இரவில் கோயில் வாசலிலும், "இம்முறை வெல்லப்போகிறவர் இன்னார்தாம்" என்று அடித்துச் சொல்பவர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் பொதுக்கூட்டத்திற்கு வந்தவர்களின் தலையை எண்ணிச் சொல்கிறார். மற்றொருவர் கொடிகளையும் சுவரொட்டிகளையும் எண்ணிச் சொல்கிறார். இன்னொருவரோ அண்டை வீட்டார் நால்வரிடம் பேசியதை வைத்துக்கொண்டு நாட்டின் தலைவிதியையே எழுதிவிடுகிறார்.

இந்த ஆவல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அதிபர் தேர்தலின் முடிவை முன்னரே அறிந்துவிட வேண்டுமென்ற முயற்சி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. பத்திரிகையாளர்களும் கணித அறிஞர்களும் வரலாற்றுப் பேராசிரியர்களும் கணினிகளும் இம்முயற்சியில் இறங்கியிருக்கின்றனர். சில சமயங்களில் வியக்கத்தக்க வெற்றியும், சில சமயங்களில் நாடே நகைக்கத்தக்க தோல்வியும் கண்டிருக்கின்றனர்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் மொழி. தேர்தல் கணிப்பின் அடிப்படையெல்லாம் இந்த ஒரு மொழியில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு சோற்றைப் பானையின் எப்பகுதியிலிருந்து எடுப்பது? எப்பொழுது எடுப்பது? யார் எடுப்பது? இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்குள் அறிஞர்கள் பட்ட பாட்டை இனிக் காண்போம்.

இருபத்து நான்கு இலட்சம் சீட்டுகளின் ஏமாற்றம்

1936ஆம் ஆண்டு அமெரிக்கா கடும் பொருளாதார மந்தத்திலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்தது. பதவியிலிருந்த அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மீண்டும் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் கான்சாஸ் மாநில ஆளுநர் ஆல்பிரட் லேண்டன்.

அக்காலத்தில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ் தேர்தல் கணிப்பில் பெரும் புகழ் பெற்றிருந்தது. 1916 முதல் 1932 வரை நடந்த ஐந்து தேர்தல்களிலும் வெற்றி பெறுபவரை அது சரியாகச் சொல்லியிருந்தது. 1936இல் அவ்விதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. அவற்றுள் சுமார் 24 இலட்சம் சீட்டுகள் நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்த இதழ், லேண்டன் பெரும் வெற்றி பெறுவார் என்று அறிவித்தது.

நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். அன்றிருந்த 48 மாநிலங்களில் லேண்டனுக்குக் கிடைத்தவை மேய்ன், வெர்மாண்ட் ஆகிய இரண்டே இரண்டு. கணிப்பில் மாபெரும் பிழை செய்த அவ்விதழ், 1938ஆம் ஆண்டுடன் மறைந்தே போயிற்று.

இருபத்து நான்கு இலட்சம் பேர் சொன்ன சொல் எங்ஙனம் பொய்த்தது? அவ்விதழ் சீட்டுகளை யாருக்கு அனுப்பியது என்பதைப் பார்த்தால் உண்மை விளங்கும். தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் பெருமளவு பெயர்கள் எடுக்கப்பட்டன. மந்த காலத்தில் தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். வேலையிழந்து நின்ற தொழிலாளியின் பெயரும், வாடகைக்குக் குடியிருந்த ஏழையின் பெயரும் அப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ரூஸ்வெல்டின் பலமோ அவர்களிடந்தான் இருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. சீட்டுப் பெற்ற நால்வரில் ஒருவரே பதில் அனுப்பினார். ஆட்சியின் மீது மனக்குறை உள்ளவர் உடனே எழுதி அனுப்புவார். மன நிறைவுடன் இருப்பவர் சீட்டை ஓரமாக வைத்துவிடுவார். ஆகவே வந்த பதில்களே ஒரு பக்கம் சாய்ந்திருந்தன.

அதே ஆண்டில் ஜார்ஜ் கேலப் என்பவர், முந்தைய ஆண்டு தாம் தொடங்கியிருந்த கருத்தாய்வு நிறுவனத்தின் வழியாக, மிகச் சிறிய எண்ணிக்கையினரைக் கேட்டு, ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று அறிவித்தார். அதனினும் வியப்பு யாதெனில், 'லிட்டரரி டைஜஸ்ட்' தன் சீட்டுகளை அனுப்பத் தொடங்குமுன்பே, அவ்விதழுக்கு என்ன தவறான விடை வரும் என்பதையும் ஏறத்தாழச் சரியாகக் கூறிவிட்டார். அவ்விதழ் பயன்படுத்தும் பட்டியல் எத்தகையது என்பதை அவர் அறிந்திருந்ததே காரணம்.

ஆயிரம் பேர் போதுமா?

"கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் ஆயிரம் பேரைக் கேட்டால் போதுமா?" என்ற ஐயம் யாருக்கும் எழுவது இயல்பு. பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது.

மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து நிறுக்கும் இடத்திற்குக் கொண்டுவருகிறோம். பாலில் நீரும் உண்டு, ரப்பரும் உண்டு. கூலிக்குக் கணக்கு உலர்ந்த ரப்பரின் எடையே. அதற்காக வாளிப் பால் முழுவதையும் உறையவைத்து உலர்த்திப் பார்ப்பதில்லை. சிறிதளவு பாலை மாதிரியாக எடுத்துச் சோதித்து, முழு வாளிக்கும் கணக்கிட்டு விடுகின்றனர். ஆனால் மாதிரி எடுக்குமுன் பாலை நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காமல் மேலாக மட்டும் எடுத்தால் கணக்குத் தவறும், கூலியும் தவறும். எண்ணெய்ப்பனை ஆலையிலும் இதே வழக்கம் உண்டு. லாரியில் வந்த குலைகளில் சிலவற்றை எடுத்துப் பழுத்தவை எத்தனை, காயானவை எத்தனை என்று பார்த்துத் தரம் பிரிக்கின்றனர். மேலே கிடக்கும் நல்ல குலைகளை மட்டும் எடுத்தால் ஆலைக்கு நட்டம். அடியில் கிடப்பவற்றை மட்டும் எடுத்தால் தோட்டத்திற்கு நட்டம்.

ஆகவே, மாதிரியின் அளவைவிட மாதிரி எடுக்கும் முறையே முதன்மையானது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் கேட்கப்படும் வாய்ப்புச் சமமாக இருக்குமாறு, குலுக்கல் முறையில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் சொல்வது மக்கள் அனைவரின் கருத்திலிருந்து பெரும்பாலும் மூன்று விழுக்காட்டுக்கு மேல் விலகாது என்று கணிதம் கூறுகிறது. நாட்டில் வாக்காளர்கள் ஒரு கோடி என்றாலும் பதினைந்து கோடி என்றாலும் இக்கணக்கு ஏறத்தாழ ஒன்றேதான். பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் இரண்டாயிரம் பேர் போதாது. நாலாயிரம் பேரைக் கேட்க வேண்டும். இதனாலேயே பெரும்பாலான கணிப்புகள் ஆயிரம் பேரை ஒட்டியே நின்றுவிடுகின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று விழுக்காட்டுப் பிழை என்பது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியே உரியது. ஒருவருக்கு 49, மற்றவருக்கு 46 என்று கணிப்புக் கூறினால், முதலாமவர் உண்மையில் 46ஆகவும் இரண்டாமவர் 49ஆகவும் இருக்கக் கூடும். அத்தகைய கணிப்பை வைத்துக்கொண்டு "இன்னார் முந்துகிறார்" என்று தலைப்பிடுவது வாசகரை மயக்குவதாகும்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பதம் பார்த்தவர்கள்

1936இல் புகழ் பெற்ற கேலப்பும் 1948இல் சறுக்கி விழுந்தார். அவ்வாண்டு பதவியிலிருந்த ஹாரி ட்ரூமனை எதிர்த்துத் தாமஸ் டூயி போட்டியிட்டார். டூயியின் வெற்றி உறுதி என்றே கணிப்பாளர் அனைவரும் நம்பினர். எல்மோ ரோப்பர் என்ற மற்றொரு கணிப்பாளர், இனிக் கேட்டுப் பயனில்லை என்று செப்டம்பர் மாதத்திலேயே நிறுத்திக்கொண்டார். கேலப்பின் நிறுவனமும் அக்டோபர் நடுப்பகுதிக்குப் பின் புதிதாக மக்களைக் கேட்கவில்லை. ட்ரூமனோ புகைவண்டியில் ஊர் ஊராகச் சென்று கடைசி நாள் வரை மக்களிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

தேர்தல் இரவில் 'சிகாகோ டெய்லி டிரிபியூன்' நாளேடு, முழு முடிவு வருமுன்பே, டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டுவிட்டது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் காரணமாக அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. முடிவில் ட்ரூமன் 49 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றார். டூயிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 45 விழுக்காடு. வென்ற ட்ரூமன் அந்த நாளேட்டைச் சிரித்தபடி தூக்கிக் காட்டும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

இத்தோல்வியை ஆராய்ந்த அறிஞர்கள் இரு காரணங்களைச் சுட்டினர். ஒன்று, கடைசி நாள்களில் மக்கள் மனம் மாறியதைக் கணிப்பாளர் காணத் தவறினர். மற்றொன்று, இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இத்தனை வயதினர் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பங்குக்குள் யாரைக் கேட்பது என்பதைக் கேட்கச் செல்பவரின் விருப்பத்திற்கே விட்டிருந்தனர். அவர் தமக்கு எளிதில் கிடைப்பவரையே கேட்டார். அதன் பின்னரே குலுக்கல் முறை வலுப்பெறலாயிற்று.

மக்கள் வாக்கு ஒன்று. மாநிலக் கணக்கு வேறு

அமெரிக்க அதிபர் தேர்தலைக் கணிப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவரே அதிபர் என்பது அங்கே சட்டமன்று. ஒவ்வொரு மாநிலத்திற்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர்கள் உண்டு. மொத்தம் 538 பேர். அவர்களுள் 270 பேரின் ஆதரவைப் பெறுபவரே அதிபர். மேய்ன், நெப்ராஸ்கா தவிர்ந்த 48 மாநிலங்களில், ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் சேர்ந்துவிடுகின்றனர். ஆகவே, நாடு முழுவதற்குமான கணிப்புச் சரியாக இருந்தும் வெற்றி பெறுபவரைச் சொல்வதில் தவறு நேரலாம்.

2016இல் நிகழ்ந்தது அதுவே. ஹிலரி கிளிண்டன் ஏறத்தாழ மூன்று விழுக்காடு முந்துவார் என்று நாடளாவிய கணிப்புகள் கூறின. அவர் உண்மையில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல், அதாவது 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளால் முந்தினார். அந்த அளவில் கணிப்பில் பெரும் பிழை இல்லை. ஆனால் அதிபரானவர் டோனல்ட் டிரம்ப். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் அவர் பெற்ற வாக்கு மிகுதியைக் கூட்டினால் 78,000க்குச் சற்றுக் குறைவு. அம்மூன்றிலும் பதிவான ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுக்கு முன் இது மிகச் சிறிய எண். ஆயினும் அதுவே தேர்தலை முடிவு செய்தது.

அம்மாநிலங்களில் கணிப்புகள் ஏன் தவறின? கல்லூரிப் படிப்புப் பெற்றவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அதிகம் முன்வந்தனர். மற்றவர்கள் அந்த அளவுக்கு முன்வரவில்லை. இவ்வேறுபாட்டை ஈடுசெய்யாமல் பல நிறுவனங்கள் கணக்கிட்டன. இறுதி வாரத்தில் முடிவெடுத்தவர்களில் பலர் டிரம்பின் பக்கம் சென்றதும் ஒரு காரணம். எண்பது ஆண்டுகளுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' செய்த அதே பிழை, வேறு உருவில் திரும்பி வந்தது. அன்று போலவே இன்றும் உழைப்பாளியின் குரலே கணக்கில் குறைவாக வந்தது.

இக்குறை நாளுக்கு நாள் பெருகியும் வருகிறது. 1997இல் பியூ ஆய்வு நிலையம் தொலைபேசியில் அழைத்த நூறு பேரில் 36 பேர் பதில் கூறினர். 2018இல் அவ்வாறு பதில் கூறியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் மட்டுமே. பதில் கூறாத 94 பேரின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை, பதில் கூறிய ஆறு பேரைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

முடிவுக்கு முந்திய அறிவிப்புகள்

வாக்களிப்பு முடிந்த பின்னும், எண்ணிக்கை முடியும் வரை காத்திருக்க மனிதருக்குப் பொறுமை இருப்பதில்லை. 1952இல் 'யூனிவாக்' என்னும் கணினியை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் பயன்படுத்தியது. வந்திருந்த மிகச் சில வாக்குகளை வைத்தே, ஐசனோவருக்கு 438 தேர்வாளர், ஸ்டீவன்சனுக்கு 93 என்று அது கணக்கிட்டது. கடும் போட்டியை எதிர்பார்த்திருந்த நிலையத்தார் அதை நம்ப மறுத்து, முதலில் வெளியிடாமல் நிறுத்தி வைத்தனர். முழு முடிவு 442க்கு 89 என்று வந்தபோது, இயந்திரம் சொன்னதே சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் விரைந்து சொல்வதில் ஆபத்தும் உண்டு. 2000ஆம் ஆண்டுத் தேர்தல் இரவில் புளோரிடா மாநிலம் அல் கோருக்கே என்று தொலைக்காட்சி நிலையங்கள் அறிவித்தன. சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றன. நள்ளிரவுக்குப் பின் ஜார்ஜ் புஷ்ஷே வென்றார் என்று அறிவித்தன. விடியுமுன் அதனையும் திரும்பப் பெற்றன. அதன் பின் ஒரு மாதத்திற்கு மேல் வழக்குகள் நடந்து, டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புடனேயே முடிவு நிலைபெற்றது. ஏறத்தாழ அறுபது இலட்சம் வாக்குகள் பதிவான அம்மாநிலத்தில், இறுதி வேறுபாடு 537 வாக்குகளே.

1980இல் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பொழுது மூன்று மணி நேரம் பிந்தியது. அங்கே வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, ரீகன் வென்றார் என்று தொலைக்காட்சி அறிவித்துவிட்டது. கார்ட்டரும் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். அதிபர் தேர்தலோடு வேறு பல பதவிகளுக்கும் அன்றே வாக்களிப்பு நடந்தது. முடிவைக் கேட்டுச் சிலர் வாக்களிக்காமலே திரும்பினர் என்ற முறையீடு எழுந்தது. கணிப்பு என்பது வெறும் வேடிக்கையன்று, மக்களின் நடத்தையையும் மாற்றக்கூடியது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

சகுனமும் சாவிகளும்

மக்களைக் கேளாமலே முடிவைச் சொல்லும் முறைகளும் உள்ளன. மேய்ன் மாநிலம் தன் மாநிலத் தேர்தலை நீண்ட காலம் செப்டம்பரிலேயே நடத்தி வந்தது. மேய்ன் போகும் வழியே நாடும் போகும் என்று பலர் நம்பினர். 1936 செப்டம்பரில் அங்கே லேண்டனின் கட்சி வென்றது. நவம்பரில் அவருக்குத் துணை நின்றது வெர்மாண்ட் மட்டுமே என்பதை மேலே கண்டோம். மிசூரி மாநிலம் 1904 முதல் 2004 வரை, 1956 நீங்கலாக, வென்றவர் பக்கமே நின்றது. 2008இல் அது தவறியது. ஒஹாயோ 1964 முதல் 2016 வரை தவறாதிருந்து 2020இல் தவறியது. நேற்று வரை பலித்த சகுனம் இன்றும் பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

வரலாற்றுப் பேராசிரியர் ஆலன் லிக்ட்மன் என்பவர், நிலநடுக்க ஆய்வாளரான கெய்லிஸ் போரோக் என்ற ரஷ்ய அறிஞருடன் சேர்ந்து, 1981இல் பதின்மூன்று 'சாவிகளை' வகுத்தார். பொருளாதாரம் நலமாக உள்ளதா, ஆளுங்கட்சியில் பூசல் உண்டா, பெரிய ஊழல் வெளிப்பட்டதா என்பன போன்ற வினாக்கள் அவை. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட சாவிகள் ஆளுங்கட்சிக்கு எதிராகத் திரும்பினால் அக்கட்சி தோற்கும் என்பது விதி. 2016இல் பலரும் எதிர்பாராத டிரம்பின் வெற்றியை அவர் முன்கூட்டிக் கூறினார். ஆனால் 2024இல் கமலா ஹாரிஸ் வெல்வார் என்று கூறி, பொய்த்துப்போனார்.

அந்த 2024 தேர்தலில் நம்மவர் பலருக்கும் தனி ஆர்வம் இருந்தது. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர், தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்திலுள்ள துளசேந்திரபுரம். தேர்தல் நாளில் அவ்வூர்க் கோயிலில் அவருக்காகச் சிறப்பு வழிபாடு நடந்தது. அதே வாரத்தில், அயோவா மாநிலத்தில் நெடுங்காலமாக நற்பெயர் பெற்றிருந்த ஒரு கணிப்பு, அங்கே ஹாரிஸ் மூன்று விழுக்காடு முந்துவதாகக் கூறி உலகையே வியப்பில் ஆழ்த்தியது. முடிவில் அம்மாநிலத்தில் டிரம்ப் ஏறத்தாழ 13 விழுக்காட்டு மிகுதியால் வென்றார்; நாடளவில் 312க்கு 226 என்ற தேர்வாளர் கணக்கில் அதிபரானார். நெடுநாளைய நற்பெயரும் ஒரு நாளைய பிழையைத் தடுக்கவில்லை.

நூற்றுக்கு எழுபது என்றால் என்ன?

அண்மைக் காலத்தில், பல கணிப்புகளை ஒன்றுசேர்த்து, "இவர் வெல்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை" என்று கூறும் வழக்கம் பெருகியுள்ளது. 2016இல் கிளிண்டனின் வாய்ப்பை ஒருவர் நூற்றுக்கு 71 என்றார். மற்றொருவர் 85 என்றார். 98 என்றவர்களும் இருந்தனர். கேட்டவர்கள் பலர் வெற்றி உறுதி என்றே எண்ணிவிட்டனர்.

பத்து நாளில் மூன்று நாள் மழை பெய்யும் என்று தெரிந்தால், மழையே வராது என்று நெல்லை முற்றத்தில் காயவைத்துவிட்டு ஊருக்குப் போவோமா? நூற்றுக்கு 71 என்பதன் பொருள் அதுவே. எஞ்சிய 29 வெறும் எண்ணன்று, நடக்கக்கூடிய ஒன்று. மேலும், வெற்றி வாய்ப்பு 71 என்பது வேறு. 71 விழுக்காடு வாக்குப் பெறுவது வேறு. இவ்விரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்கின்றனர் என்றும், முடிவு உறுதியாகிவிட்டது என்ற எண்ணத்தால் வாக்களிக்கும் ஊக்கம் குன்றக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் சோதனைகளில் கண்டுள்ளனர்.

அண்டை நாட்டின் மாதிரி எண்ணிக்கை

தொலைதூர அமெரிக்காவை விட்டு, நம் அண்டை நாடான சிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கும் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆயின், தேர்தல் அறிவிக்கப்பட்டது முதல் வாக்களிப்பு முடியும் வரை, தேர்தல் பற்றிய கருத்தாய்வு முடிவுகளை வெளியிடச் சட்டம் இடந்தருவதில்லை. அதற்கு மாறாக, வாக்களிப்பு முடிந்த பின் தேர்தல் துறையே ஒரு மாதிரி எண்ணிக்கையை நடத்துகிறது.

ஒவ்வொரு வாக்குச் சாவடியின் சீட்டுகளும் கலக்கப்பட்ட பின், அவற்றிலிருந்து நூறு சீட்டுகள் வேட்பாளர்கள், அவர்தம் முகவர்கள் ஆகியோர் கண்ணெதிரே எடுக்கப்பட்டு எண்ணப்படுகின்றன. அந்தந்தச் சாவடியில் பதிவான வாக்குகளுக்கு ஏற்ப அக்கணக்குச் சீர்செய்யப்படுகிறது. உண்மை முடிவு இதனின்றும் நான்கு விழுக்காடு வரை கூடலாம் அல்லது குறையலாம் என்பதையும் துறையே தெரிவிக்கிறது. வதந்திகள் பரவாமல் தடுக்கும்பொருட்டு, 2015 பொதுத் தேர்தல் முதல் இவ்விவரம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுகிறது.

2023 செப்டம்பர் 1ஆம் நாள் நடந்த அதிபர் தேர்தலில், தர்மன் சண்முகரத்தினத்திற்கு 70 விழுக்காடு, இங் கொக் சொங்கிற்கு 16, டான் கின் லியானுக்கு 14 என்று மாதிரி எண்ணிக்கை கூறியது. முழு எண்ணிக்கை முடிந்தபோது அவை முறையே 70.4, 15.7, 13.9 என வந்தன. சோறு பதத்தைச் சரியாகவே காட்டியது. ஏன்? பானை கலக்கப்பட்டிருந்தது, எல்லாச் சாவடியிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டது. அனைத்துக்கும் மேலாக, எண்ணப்பட்டது மக்கள் வாய்ச்சொல் அன்று. அவர்கள் உண்மையில் இட்ட வாக்கு.

இத்துணைச் சிறந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 2011இல் அதே நாட்டில் நடந்த அதிபர் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். டோனி டான் 35.20 விழுக்காடும், டான் செங் போக் 34.85 விழுக்காடும் பெற்றனர். இருபத்தோரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வேறுபாடு 7,382 மட்டுமே. மறு எண்ணிக்கைக்குப் பின்னரே முடிவு அறிவிக்கப்பட்டது. நான்கு விழுக்காட்டுப் பிழையுடைய எந்த மாதிரியும், மூன்றில் ஒரு விழுக்காட்டு வேறுபாட்டைக் காட்ட இயலாது.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை வெளிப்படுகிறது. வேறுபாடு மிகுந்திருக்கும் இடத்தில் கணிப்புத் தெளிவாகப் பேசுகிறது. வேறுபாடு மயிரிழையாக இருந்து, ஒவ்வொரு வாக்கும் பொன்னாக மதிக்கப்படும் இடத்திலோ அது ஊமையாகிவிடுகிறது.

கணிப்பைக் காணும்போது கேட்க வேண்டியவை

செய்தித்தாளிலும் கைத்தொலைபேசியிலும் ஒரு கணிப்பைக் காணும்போது சில கேள்விகளை நாமே கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது, யாரைக் கேட்டார்கள்? நகரத்தாரை மட்டுமா, தோட்டத்தாரையும் சிற்றூராரையும் சேர்த்தா?

இரண்டாவது, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? குலுக்கல் முறையிலா, அல்லது தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களை மட்டுமா?

மூன்றாவது, எப்பொழுது கேட்டார்கள்? ஒரு மாதத்திற்கு முந்திய கருத்து, இன்றைய கருத்தாகாது.

நான்காவது, பிழையின் எல்லை எவ்வளவு? அது சொல்லப்படாத கணிப்பை நம்பலாகாது.

ஐந்தாவது, கேட்டவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார்? ஒரு தரப்பார் தமக்காகத் தாமே எடுத்த கணிப்பு, தம் கோழிக்குத் தாமே நடுவராக இருப்பது போன்றது.

இவ்வைந்துக்கும் விடை கூறாத கணிப்பு, தேநீர்க் கடைச் சோதிடத்தினும் மேலானதன்று.

கணிப்பவர் பலர், முடிவு செய்பவர் வாக்காளர்

நம் நாட்டில் அதிபர் தேர்தல் இல்லை. நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றங்களுக்கும் நடைபெறும் தேர்தல்களே நம் கையில் உள்ளவை. 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் வாக்காளர்களாகத் தாமாகவே பதிவு செய்யப்படுகின்றனர். நம் பிள்ளைகள் பலர் 2022 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தனர். அத்தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே.

"நான் ஒருவன் போகாவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? முடிவுதான் முன்பே தெரிந்துவிட்டதே" என்று கூறும் இளைஞர்களைக் காண்கிறோம். பேருந்துக்கு நின்று, வரிசையில் நின்று, ஒரு நாளைச் செலவிட வேண்டுமே என்ற தயக்கம் அவர்களுக்கு. அவர்களிடம் 2013ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி 462 வாக்குகளில் முடிவானதை எடுத்துச் சொல்லலாம். ஒரு பெரிய தோட்டத்தில் குடியிருக்கும் வாக்காளர்களின் எண்ணிக்கை அது. அத்தோட்டத்தார் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், அல்லது வீட்டிலேயே இருந்த மற்றொரு தோட்டத்தார் அன்று வந்திருந்தால், வரலாறு வேறாக இருந்திருக்கும்.

கணிப்பாளர் பதம் பார்க்கட்டும். அஃது அவர்கள் தொழில். அதை நாம் படித்து அறிவு பெறுவதும் நன்றே. ஆனால் பானையின் கீழே எரியும் நெருப்பு வாக்காளர் கையில் இருக்கிறது. பதம் பார்ப்பவர் சொல்லைக் கேட்டு நெருப்பை அணைத்துவிட்டால் சோறு வேகாது. கணிப்பு எதைச் சொன்னாலும், தேர்தல் நாளன்று காலையில் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வாக்குச் சாவடிக்குப் புறப்படுவது நம் கடமை, உரிமையும் அதுவே.